உத்திர வீதி ஹெரால்டு

ஸ்ரீரங்கத்து உத்திர வீதி வீடுகள் நீளமானவை. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லைக்குக் கேட்காது. அப்படி ஒரு வீட்டின் கொல்லைப்புற ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், 1970ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று பதினெட்டு வருடமாக நின்றுகொண்டிருந்தது. கொடுத்துவிடும் எண்ணம் இருக்கிறது என்று பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். தார்ப்பாயை விலக்கியதும் நான் நேரே போய் நின்றது முகப்பு விளக்குகளுக்கு முன்னால். என்னோடு வந்த மெக்கானிக் பாய் வண்டியின் பக்கம் திரும்பவே இல்லை. கூரையின் ஓடுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். வீட்டுக்கார மாமியிடம் கேட்டார்.

"மாமி, மழ பேஞ்சா இந்த ஷெட்டுல தண்ணி எங்க நிக்கும்?"

"அந்த மூலைல ஒழுகும் பாய். வண்டிமேல விழாது, ஆனா தரை நனையும். எங்காத்துக்காரர் இருக்கறச்சே ஓடு மாத்தினார். அதுக்கப்புறம் யார் பாக்கறா?"

"அப்ப அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்துலேந்து ஆரம்பிப்பம் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். கையில் டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று. பாய் கேட்டது எங்கே நின்றது என்று. ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு இரண்டாவது கேள்விதான் பொருத்தம். எஞ்சின் ஓடித் தேய்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு லேத் பட்டறையில் மருந்து உண்டு. உடம்பு நின்று அழிகிறது. அந்த அழிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், நல்ல வண்டியைக் கெட்ட வண்டியிலிருந்து பிரித்தறியும் வித்தையில் பாதி கைவந்துவிடும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். காற்றின் ஈரமே அந்தத் தண்ணீராகிவிடும் என்பது பலருக்கு நினைவிருக்காது. சுமார் நூறாண்டுக்கு முன் வெர்னன் என்ற ஆங்கில வேதியியலாளர், காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டும் வரை இரும்பு பெரிதாகத் துருப்பிடிப்பதில்லை, தாண்டியதும் வேகம் திடீரென்று எகிறுகிறது என்று கண்டார். அந்த எல்லை ஏறக்குறைய 60 சதவீதம். அதைக் கடந்தால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உலோகத்தின் மேல் படிகிறது. உப்பு இருந்தால் எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் உப்புத் துகள் காற்றிலிருந்து ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். கடற்காற்று சுமந்து வரும் உப்பில் பெரும்பங்கு கரையை ஒட்டிய சில கிலோமீட்டருக்குள் படிந்துவிடுகிறது. திருச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் எண்பது கிலோமீட்டருக்கு மேல். கோடைப் பகலில் இங்கே ஈரப்பதம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஏறும். பிறகு மறுபடி காயும். கடலோர ஊரின் வண்டிக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலோர ஊரில் ஃபியட் 1100 டிலைட் ஒன்றை அதன் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். ஆறு மாதத்தில் கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பெயின்டை உள்ளிருந்து தள்ளித் தூக்கிவிடும். கொப்புளத்தைக் குத்தினால் விரல் உள்ளே போனது. ஃபியட்டுக்குத் தனிச் சட்டம், அதாவது சேஸிஸ், கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்கடியில் ஓடும் அந்தப் பெட்டித் தகடு போனால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. அம்பாசடருக்கும் அதே கதைதான்.

ஹெரால்டு வேறு ஜாதி. ஜொவான்னி மிக்கேலொட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்து, 1959இல் பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்த கார். சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர்ப் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் அதை இங்கே செய்தது. கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் ஃபியட் என்று இருந்த காலத்தில் தமிழ்நாட்டுக்கென்று இருந்த கார் இதுதான். 948 சி.சி. எஞ்சின். பிற்பாடு வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கு மட்டுமே உரியது. பிரிட்டனில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. நான்கு பக்கமும் மூடிய தனிச் சட்டத்தின் மேல் உடம்பைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். முன்பக்கம் முழுவதும், பானெட்டும் மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டிமேல் தனிப் பிரியம். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். ஸ்ரீரங்கத்து வீதி முனைகளில் அதன் அருமை தெரியும்.

ஹெரால்டில் வெளித்தகடு போனாலும் கழற்றி வேறு மாட்டலாம். அடிச்சட்டம், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், இவை போனால்தான் ஆபத்து. பாய் அந்தக் கைகளைத்தான் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல தகடு கணீரென்று பேசும். துரு தின்ற தகடு மண்பானைபோல் மந்தமாகப் பேசும். ஒழுகும் மூலைக்கு அருகில் ஓர் இடத்தில் சத்தம் மாறியது. சேறு அப்பியிருந்த இடம். சுரண்டினார். அடியில் கரும்பழுப்பாக, அப்பளம்போல் அடுக்கடுக்காக உரிந்தது.

சேற்றுக்கு அடியில் ஏன்? காற்றுபடும் இடத்தில்தானே துரு அதிகம் இருக்க வேண்டும்? கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டும். மெருகேற்றிய எஃகுத் தகட்டில் ஒரு துளி உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள்: இரும்பு கரைகிற இடத்தில் நீலமாகும் ஒன்று, காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும் இன்னொன்று. சற்று நேரத்தில் துளியின் விளிம்பு சிவக்கிறது, நடு நீலமாகிறது. விளிம்பில் காற்று எளிதாகக் கிடைக்கிறது, ஆக்சிஜன் அங்கே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது. அந்த எலெக்ட்ரானைக் கொடுப்பதோ காற்று குறைந்த நடுப்பகுதி இரும்பு. ஒரே துளிக்குள் ஒரு சின்ன பேட்டரி. சேற்றுக்கும், இரண்டு தகடு சேரும் மடிப்புக்கும், தரைவிரிப்பின் அடியில் தங்கும் ஈரத்துக்கும் இதே கணக்குதான். காற்று படாத இடம் கரைந்து, காற்று படும் இடத்தைக் காப்பாற்றுகிறது. அதனால்தான் வெளியே பளிச்சென்று இருக்கும் கார் உள்ளே பொத்தலாக இருக்கிறது.

சேறு எப்படி அங்கே வந்தது என்பது அடுத்த கேள்வி. திருச்சியில் பழைய வண்டி பார்ப்பவர்கள் இரண்டு வருடங்களை மறக்கக்கூடாது: 1977 நவம்பர் புயல் வெள்ளம், 2005 மழைக்கால வெள்ளம். இரண்டிலும் நகரின் தாழ்ந்த பகுதிகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தச் சமயங்களில் வண்டி எந்தத் தெருவில் இருந்தது என்று தயங்காமல் கேட்க வேண்டும். ஆற்று வண்டல் பெட்டித் தகடுகளுக்குள் புகுந்தால் வெளியே வராது. ஒவ்வொரு மழையிலும் ஈரத்தை உறிஞ்சி, பற்றுப் போட்டதுபோல் இரும்போடு ஒட்டி வைத்திருக்கும். கதவின் அடித்துளை, சீட்டின் தண்டவாளம், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், இந்த மூன்று இடத்திலும் மாவுபோல் மெல்லிய வண்டல் இருந்தால் அந்த வண்டி ஒரு காலத்தில் நீந்தியிருக்கிறது. "எழுபத்தேழுல இவர் வண்டிய மாமா ஆத்துல, மலைக்கோட்டைப் பக்கம் மேட்டுல கொண்டுபோய் விட்டுட்டார்" என்றார் மாமி. பாயின் முகம் தெளிந்தது. ஷெட் ஒழுகலோடு போயிற்று.

அடுத்து காந்தம். துரு தின்ற ஓட்டையை டிங்கர் இரண்டு விதமாக மூடலாம். தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம், அல்லது பட்டி அப்பித் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. காந்தத்துக்கு அப்படியில்லை. காந்த விசை தூரத்தோடு மிக வேகமாகக் குறையும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி இடையில் வந்தாலே பிடி தளர்ந்துவிடும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, கண்ணாடியின் கீழ்மூலை என்று இழுத்துக்கொண்டே போனால், எங்கே அது வழுக்கி விழுகிறதோ அங்கே கதை இருக்கிறது. இந்த ஹெரால்டில் ஒரே இடத்தில், முன் மட்கார்டில், வழுக்கியது. "சைக்கிள்காரன் ஒருத்தன் வந்து மோதினான், எண்பத்தி நாலுல" என்றார் மாமி, கேட்காமலே.

திருச்சி இந்த வேலைக்கு வாய்த்த ஊர். 1960களின் நடுவில் திருவெறும்பூருக்குப் பக்கத்தில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. அதன் வளாகத்தில் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது. ஆலையை நம்பி எழுந்த சின்னச் சின்னப் பட்டறைகளில், தலைமுறையாக வெல்டிங் தெரிந்த கைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. அதற்கும் முன்பே, நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குப் பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனை உண்டு. நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்த இடம் அது. கடையில் கிடைக்காத ஒரு போல்ட்டை, ஒரு புஷ்ஷை, அளவு எடுத்துக் கடைந்து தரும் ஆள் இந்த ஊரில் கிடைப்பார்.

ஆனால் கொதிகலன் வெல்டரிடம் காரைக் கொடுக்குமுன் ஒன்றைப் பேசிக்கொள்ள வேண்டும். கொதிகலன் தகடு பருமன். கார் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூடுபட்ட இடம் விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. விரிய வழியில்லாமல் அந்த இடம் தனக்குள்ளேயே அமுங்கிப் பருத்துவிடும். ஆறும்போது சுருங்குகிறது, இப்போது முன்பைவிடச் சிறிதாக. அதனால் சுற்றுத் தகடு இழுபட்டு அலையலையாக நெளிகிறது. நெடுகக் கோடு இழுத்தாற்போல் வெல்டிங் வைத்தால் கதவு தகரப் பெட்டி மாதிரி ஆகிவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, நடுவே ஆறவிட்டு வைப்பவரே கார் வெல்டர். ஆர்கான் வெல்டிங்கில் சூட்டை ஓரிடத்தில் குவிக்க முடிகிறது. பழைய கேஸ் வெல்டிங்கில் சூடு பரவும், ஆனால் வைத்த இடம் மென்மையாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமன்செய்ய எளிது. நல்ல டிங்கர்கள் சிலர் இன்னும் கேஸையே விரும்புவது இதனால்தான். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு என்பது என் கட்சி.

இரும்பைக் காப்பாற்றும் இதே வெயில், ரப்பரைக் கொன்றுவிடும். வேதிவினையின் வேகம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலாளர்களின் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை ஷெட்டுக்குள் ரப்பர் நாற்பது டிகிரிக்கு மேல் வேகிறது. ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கந்தகப் பாலங்களால் பிணைக்கப்பட்டவை. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து மேலும் மேலும் பாலம் போட, ரப்பர் இறுகிக் கொட்டாங்குச்சி ஆகிவிடும். காற்றிலுள்ள ஓசோன், இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும் ரப்பரைத் தேடித் தாக்கும். டயரின் பக்கச் சுவரில் வரும் வெடிப்புகள் அதன் கையெழுத்து. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த டயரில் ஓட்டக்கூடாது. 2000க்குப் பின் செய்த டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2311 என்றால் 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

ஹெரால்டின் ஃபேன் பெல்ட் தொட்டதும் இரண்டாக வந்தது. ஹோஸ்கள் உதிர்ந்தன. நான் முகம் சுளித்ததைப் பார்த்து பாய் சொன்னார்: "தம்பி, ரப்பர் போச்சுன்னா கடைல இருக்கு. இரும்பு போச்சுன்னா யார் குடுப்பா?" திருச்சிப் பக்கத்து வண்டிகளைத் தேடுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரப்பரில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தாமதம் கூடாது: பிரேக். சிலிண்டருக்குள் இருக்கும் கிண்ணம் போன்ற சீல்கள் இறுகியிருக்கும். பிரேக் ஆயில் தண்ணீரைக் குடித்திருக்கும். கிளைக்கால் வகைப் பிரேக் திரவம் இயல்பிலேயே ஈரம் ஈர்ப்பது. டாட் 3 தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது விதி. நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே அது 140 வரை இறங்கிவிடலாம். சமவெளியில் இது தெரியாது. திருச்சியிலிருந்து ஆசையாகக் கிளம்பிக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். தேய்த்துத் தேய்த்துச் சூடேறிய டிரம்முக்குள் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். பழைய வண்டியை வாங்கியதும் பெயின்டுக்குக் காசு ஒதுக்குபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: முதல் காசு பிரேக்குக்கு.

ஹெரால்டில் மலையிறக்கத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அரை அச்சில் ஊஞ்சல்போல் ஆடும் அமைப்பு அது. வளைவில் வேகமாகத் திரும்பி, நடுவில் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வண்டியின் பின்புறம் மேலே எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்க முயலும். மெதுவாக நுழைந்து, லேசாக இழுத்தபடியே வெளியே வருவது அந்தக் காலத்து டிரைவர்களுக்குக் காலோடு வந்த பழக்கம். 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த கேஸலில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள்.

எஞ்சினுக்கு வருவோம். ஓடுகிற எஞ்சினாக இருந்தால் கம்ப்ரஷன் பார்த்துவிடலாம். பிளக்கைக் கழற்றி, அளவுமானியைச் செருகி, செல்ஃப் அடித்து, நான்கு சிலிண்டரின் எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. ரிங் தேய்வது பெரிய சோகமில்லை. போர் அடித்து இருபது, நாற்பது என்று ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், அதற்கு மேல் ஸ்லீவ் இறக்கலாம்.

வால்வில்தான் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் தட்டல் நிற்கும் என்று கண்டார். அந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தில் மெல்லிய படிவாகப் படிந்து, இரும்பும் இரும்பும் நேரே ஒட்டாமல் காத்தது. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதால் ஈயம் உலகெங்கும் விலக்கப்பட்டது. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு போயிற்று. போனது மிக நல்லது. ஆனால் ஈயக் காலத்து எஞ்சின்களில், அதுவும் வெயிலில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால், வால்வு தன் இருக்கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துபோகும். ஹெட்டைக் கழற்றும்போதே கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் போட்டுவிட்டால் கவலை தீர்ந்தது.

இப்போதைய சோதனை எத்தனால். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி, பங்குகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலே உண்டு, எரியத் தேவைப்படும் காற்றும் குறைவு. புதிய கார்களில் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவில்லை. அதன் ஜெட் ஒரு துளை, அவ்வளவுதான். ஆகவே கலவை மெலிந்து, எஞ்சின் திணறி, அதிகம் சூடாகும். ஜெட்டை ஒரு படி பெரிதாக்கினால் சரியாகும். எத்தனால் பழைய ரப்பர் டியூபை ஊதவைக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து டாங்க்கின் அடியில் சேர்க்கும், கார்புரேட்டரின் துத்தநாகக் கலவை உலோகத்தை அரிக்கும். எத்தனாலுக்கு ஈடுகொடுக்கும் ஃப்ளூரோ ரப்பர் டியூப் போடுவதும், நிறுத்தி வைக்கும்போது டாங்க்கைக் காலியாக்கிவிடுவதும் இன்றைக்குக் கட்டாயம்.

துருப்பிடித்த டாங்க்குக்கும் சிறிய பாகங்களுக்கும் ஒரு வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும்போது புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்து, கரைந்த உலோக அயனியைக் கவ்விக்கொள்கிறது. கரும்பாலைக் கழிவான மொலாசஸை ஒன்பது பங்கு தண்ணீரில் கரைத்து, துருப்பிடித்த இரும்பை இரண்டு வாரம் ஊறவைத்தால் அதேபோல் துருவை மட்டும் கவ்வி இழுக்கும். நல்ல இரும்பை ஏறக்குறைய தொடாது. நாற்றம் தாங்க முடியாது, கொல்லையில் வைக்க வேண்டும். அலுமினியத்தை அதில் போடக்கூடாது, கரைந்துவிடும்.

வண்டி தேறியது என்று பாய் எழுந்த பிறகு காகிதம். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புக்கோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சிலர் எண்ணை அரைத்து அழித்துவிட்டு வேறு பஞ்ச் பண்ணியிருப்பார்கள். அது அழிவதில்லை என்பதைத் தடயவியல் காட்டுகிறது. எஃகில் எண்ணை அடிக்கும்போது அச்சுக்குக் கீழேயும் ஆழமாக உலோகத்தின் படிகங்கள் நசுங்கிவிடுகின்றன. மேற்பரப்பை அரைத்து எடுத்த பின்னும் அந்த நசுங்கல் அடியில் கிடக்கும். செம்புக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ஃப்ரை கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிபட்டு, பழைய எண் நிழல்போல் எழும்பி வரும். எண்ணைச் சுற்றி அரம் போட்ட தடம் தெரிந்தால் நமக்கு அந்தக் கரைசல் வேண்டாம். வணக்கம் சொல்லி வந்துவிட வேண்டும்.

உடையவர் காலமான வண்டிகளில் அடுத்த முடிச்சு வாரிசு. முதலில் படிவம் 31இல் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும், அதன்பின் 29, 30இல் நமக்கு. ஸ்ரீரங்கத்துக்குத் தனி வட்டாரப் போக்குவரத்து அலுவலகமே இருக்கிறது, டி.என். 48 அதன் எண். இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்: ஓட்டவா, போற்றி வைக்கவா? 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அடிப்படை மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சிக்கும், விண்டேஜ் ராலிக்கும், ஆய்வுக்கும், பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும்தான் சாலையில் எடுக்கலாம். காலையில் சாத்தார வீதிக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைத்தான் புதுப்பித்துக்கொண்டு, எஃப்.சி. காட்டி ஓட்ட வேண்டும்.

'அடிப்படை மாறாமல்' என்பதில் நிறையச் சிந்திக்க இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல். அதனால் அது தேராக இல்லாமல் போகவில்லை. இழுப்பவர் உயிருக்கு அது காவல். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்ற டூரின் சாசனமும் இதை ஒட்டியே பேசுகிறது: மாற்றுவதைக் குறைவாக மாற்று, மாற்றியது தெரியட்டும், பிற்பாடு ஒருவர் பழையபடி ஆக்க வழி இருக்கட்டும். வயர், சீல், டயர், வால்வு இருக்கை, இவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். ஆலையில் அடித்த பெயின்ட் பாதியாவது மிஞ்சியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போனால் மெருகேறிய வண்டிகளை நிறையப் பார்க்கலாம். ஐம்பது வருட வெயில் படிந்த ஒரிஜினல் பெயின்டை எந்தப் பட்டறையும் செய்து தர முடியாது.

இப்படிப்பட்ட வண்டிகள் விளம்பரத்தில் வருவதற்கு முன்பே கைமாறிவிடுகின்றன. பேட்டரிக் கடை, பஞ்சர் கடை, ஓய்வுபெற்ற டிரைவர்கள், பேப்பர் போடும் பையன் என்று இவர்களுக்குத்தான் எந்த ஷெட்டில் எது நிற்கிறது என்று தெரியும். தில்லைநகர், கன்டோன்மென்ட் டாக்டர் வீடுகள், லால்குடி, முசிறி, குளித்தலைப் பக்கத்துப் பெரிய பண்ணை வீடுகள் இவையெல்லாம் பொறுமையாக விசாரிக்க வேண்டிய இடங்கள். கிடைக்காத உதிரிபாகத்துக்குக் கடைசியில் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

உத்திர வீதி வண்டியின் எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்திருந்தது. ரிங்குகள் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருந்தன. பாய் அவசரப்படவில்லை. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் டீசலும் ஆயிலும் கலந்து விட்டார். துருவின் நுண்ணிய பிளவுகளுக்குள் எண்ணெய் தானாக ஏறும், விளக்குத் திரியில் ஏறுவதைப்போல. அதற்கு வேண்டியது நாள்தான். கிராங்க் புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் எதிரே எஞ்சின் மூடியில் ஒரு கோடு போட்டார். "பத்து நாள். யாரும் கை வைக்காதீங்க மாமி" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பதினோராம் நாள் இரவல் டயர்கள் மாட்டி, டாப் கியரில் போட்டு, நானும் மாமியின் பேரனும் பின்னால் நின்று வண்டியை முன்னும் பின்னுமாக அசைத்தோம். இருபது தடவைக்கு மேல் இருக்கும். பாய் முன்னால் குந்தி, டார்ச்சைப் புல்லிமேல் பிடித்தபடி கையை உயர்த்தினார். நாங்கள் நிறுத்தினோம். போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது.